சிறு தோணி வளர்த்த பெருந்துறை

பண்டைத் துறைமுகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது பெருங்கப்பலே. பாய் விரித்து, அலை பிளந்து, யவனர் பொன்னைச் சுமந்து வந்த மரக்கலங்களையே சேரர் தம் முசிறியின் பெருமைக்குக் காரணமாக எண்ணிப் பழகியிருக்கிறோம். ஆயினும் அக்காலத்து இருவர் எழுதி வைத்த குறிப்புக்களை ஒப்புநோக்கினால், முசிறியை முசிறியாக்கியது பெருங்கப்பல் மட்டுமன்று, உப்பங்கழியில் ஓடிய சிறு தோணியுமே என்பது விளங்கும்.

இருவருள் ஒருவர் உரோம நாட்டு அறிஞர் பிளினி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்தவர். செங்கடல் வாயிலிலிருந்து பருவக்காற்றின் துணையால் 40 நாளில் முசிறியை அடையலாம் என்று கூறும் அவர், அங்கே கப்பல் நிற்குமிடம் கரைக்குத் தொலைவில் இருந்தது என்றும், சரக்குகளைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்றும் குறை கூறுகிறார். அயலே கடற்கொள்ளையர் தொல்லை உண்டு என்பதும் அவர் முறையீடு. மற்றவர் நம் சங்கப் புலவர் பரணர். புறநானூற்றின் 343ஆம் பாடலில் அவர் காட்டும் முசிறியிலும், கலங்கள் கொணர்ந்த பொன்னைக் கழித் தோணிகளே கரை சேர்க்கின்றன. ஒருவர் வாணிகத்தின் இடையூறாகக் கண்டதை மற்றவர் ஊரின் செழிப்பாகக் கண்டார். மொழியாலும் நாட்டாலும் வேறுபட்ட இவ்விருவரும் ஒரே செய்தியைச் சொல்வது வரலாற்றுக்கு வலுவான சான்றாகும்.

பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் வாழும் தமிழர்க்கு இச்செய்தியில் தனிப்பட்ட உரிமை ஒன்று உண்டு. கடலிலிருந்து பொன் வந்தது. அதற்கு ஈடாகக் கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது? பரணரே இதற்கும் விடை தருகிறார். மலைபடு பொருளும் கடல்படு பொருளும் அத்துறையில் ஒன்றுகூடின என்கிறார் அவர். மலையிலிருந்து துறைக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நீர்வழி, மற்றொன்று நிலவழி. நீர்வழி இடுக்கியிற் பிறக்கிறது. நிலவழி பாலக்காட்டைக் கடக்கிறது. அவ்வழிகளின் மேலேதான் இன்று நாம் குடியிருக்கிறோம்.

நீர்வழியை முதலில் நோக்குவோம். தமிழகத்தை ஒட்டிய சிவகிரி மலைப்பகுதியில் தோன்றும் பெரியாறு, இடுக்கியின் காடுகளைக் கடந்து, ஆலுவாயில் இரு கிளையாகப் பிரிந்து மேலைக் கடலை நோக்கிச் செல்கிறது. வடகிளை சாலக்குடி ஆற்றோடு கூடி, கொடுங்கல்லூருக்கு அருகே கடலைச் சேர்கிறது. அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர் மரக்கலங்கள் சேரர்க்குரிய சுள்ளி என்னும் பேராற்றில் நுரை கலங்க வந்ததைக் கூறுகிறார். அப்பேராறே இன்றைய பெரியாறு என்பது அறிஞர் பலர் கருத்து. யவனர் பொன்னைக் கொடுத்துப் பெற்றுச் சென்ற தலையாய பொருள் மிளகு. கேரளத்தின் மிளகு விளைச்சலில் இன்றும் முன்னிற்பது இடுக்கி மாவட்டமே என்பதை அங்குள்ள தோட்டங்களில் உழைக்கும் நம்மவர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நிலவழி. குசராத்து எல்லை முதல் குமரி வரை நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டில் மட்டுமே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடுகிறது. காற்றும் மழையும் மட்டுமல்லாமல் வணிகச் சாத்தும் அவ்வழியே சென்றது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாய்வுகளில் மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. பளிங்கும் பச்சை நீலக் கல்லும் சூதுபவளமும் அங்கே பட்டை தீட்டப்பெற்றன. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் உரோம நாணயப் புதையல்கள் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டிலும் கிடைத்தன. மலைக்கு மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலிலும், பறவூரை அடுத்த வள்ளுவள்ளியிலும் உரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. கரூரை அடுத்த புகழூரிலோ சேர இரும்பொறை மன்னர்களின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு நிற்கிறது. இவ்வூர்களை வரைபடத்தில் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு பாலக்காட்டுக் கணவாயினூடே முசிறியை நோக்கிச் செல்வதைக் காணலாம். முசிறியில் யவனர் கொண்ட பொருள்களுள் பலவகை ஒளிக்கற்களும் இருந்தன என்று 'எரித்திரியக் கடற் பயணம்' என்னும் முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல் கூறுவது இதனோடு இசைந்து நிற்கிறது.

இத்தகைய துறையை நேரிற் காண இன்று பெருமுயற்சி வேண்டுவதில்லை. பாலக்காட்டிலிருந்து இரயிலேறித் திருச்சூரிலோ ஆலுவாயிலோ இறங்கலாம். மூணாற்றிலிருந்தோ குமுளியிலிருந்தோ வருவோர் முந்தின நாளே மலையிறங்கி விடுதல் நன்று. கொடுங்கல்லூரை அடுத்த கோட்டப்புரமும், தெற்கே வடக்கன் பறவூரும் படகேறுதற்கு உரிய இடங்கள். கேரள அரசின் முசிறி மரபுத் திட்டம், ஆற்றையும் உப்பங்கழிகளையும் வழியாகக் கொண்டு, பழைய ஊர்களை மோட்டார் படகுகளால் இணைத்திருக்கிறது. படகு புறப்படும் நேரத்தை முன்னரே கேட்டறிந்து கொண்டால், ஒரு பகற்பொழுதுக்குள் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றைச் சுற்றி வந்துவிடலாம்.

துடுப்பால் தள்ளிய தோணிக்கு அரை நாள் பிடித்திருக்கக்கூடிய தொலைவை விசைப்படகு சிறிது நேரத்திற் கடக்கிறது. இரு மருங்கும் தென்னையும் மீனவர் விரிக்கும் சீன வலைகளும் விரைந்து பின்செல்கின்றன. கோட்டப்புரத்தில் போர்ச்சுகீசியர் 1523இல் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகளைக் காணலாம். அது 1662இல் டச்சுக்காரர் கைக்கு மாறியது. பின்னர் 1790இல் திப்பு சுல்தான் படையெடுப்பில் அழிந்தது. கடல்வாயை ஒட்டிய பள்ளிப்புரத்தில் 1503இல் கட்டிய அறுகோணக் கோட்டை ஒன்று நிற்கிறது. ஐரோப்பியர் இந்நாட்டில் எழுப்பி இன்றளவும் நிற்கும் கோட்டைகளுள் அதுவே மிகப் பழையது என்பர். மிளகுக்காக வந்தவர் பலர். யவனர் வாணிகம் செய்து திரும்பினர், பின்வந்தோர் கோட்டை கட்டினர். இவ்வேறுபாட்டைப் படகிலிருந்தபடியே உணரலாம்.

சேந்தமங்கலத்தில் இறங்கினால், கோட்டையில் கோவிலகம் என்னும் குன்றை அண்டிக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் யூதர் தொழுகைக்கூடமும் அருகருகே இருப்பதைக் காணலாம். பறவூரிலும் யூதர் தொழுகைக்கூடம் ஒன்று செப்பனிடப்பெற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. இப்பகுதி யூதரின் தொன்மைக்குச் சான்று கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யோசேப்பு இரப்பான் என்பவர்க்கு வழங்கிய செப்பேடு. வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேடு மன்னன் வீற்றிருந்த இடத்தை முயிரிக்கோடு என்று குறிக்கிறது. முசிறி என்னும் பெயர் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் வழங்கியதற்கு இது சான்று. பல நூற்றாண்டு வாழ்ந்த யூதர் 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் தொழுத இடத்தை இன்று அவ்வூராரும் அரசும் காத்து வருகின்றனர். பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அக்கூடத்தில் சிறிது நேரம் நின்று சிந்திப்பது பயனுடையது.

பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் சிற்றூரே இப்பயணத்தின் நடுநாயகம். கொடுங்கல்லூரில் சேரமான் பறம்பில் முற்காலத்தில் நடந்த அகழ்வுகளில் சங்ககால அடுக்குகள் கிட்டவில்லை. பட்டணத்தில் 2004இல் நடந்த சிறு முன்னோட்ட அகழ்வும், 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் பல பருவங்களாக நடத்திய பேரகழ்வும் புதுவெளிச்சம் தந்தன. மத்தியதரைக் கடல் நாடுகளின் மது, எண்ணெய் ஆகியவற்றைக் கொண்டுவந்த சாடிகளின் ஓடுகளும், மணிகளும், மிளகும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 2011இல் கிடைத்த ஓர் ஓட்டில் சமணரைக் குறிக்கும் 'அமண' என்னும் சொல் காணப்பட்டது. இவை அனைத்திலும் நம் கருத்துக்கு அரணாவது, செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், படகு கட்டும் தேக்குத் தறிகளும், ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரு தோணியுமாகும். நாம் அயினி என்றும் மலையாளத்தார் ஆஞ்சிலி என்றும் அழைக்கும் மரத்தால் ஆனது அத்தோணி. பரணர் பாடிய கழித் தோணியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று ஈராயிரம் ஆண்டு சேற்றில் உறங்கிக் கண் விழித்தது போன்றிருந்தது.

பட்டணமே முசிறி என்று ஒருசாரார் துணிவர். முசிறி என்பது ஓர் ஊரன்று, கொடுங்கல்லூர் முதல் பறவூர் வரை பரந்த துறைத்தொகுதி என்று மற்றொருசாரார் கருதுவர். அகழ்வின் முடிவுகளை ஐயுறுவோரும் உளர். ஆய்வு முடியும்வரை எந்தக் கூற்றையும் கொடியாக உயர்த்திப் பிடிப்பது அறிவுடைமையாகாது. ஆனால் கடல் கடந்த வாணிகம் அவ்விடத்தில் நடந்தது என்பதை அச்சாடி ஓடுகள் மறுக்கவொண்ணாதபடி காட்டுகின்றன.

அவ்வாணிகத்தின் அளவை அறிய ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில் உள்ள ஒரு தாளேடு துணை செய்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பெற்று 1985இல் முதன்முதல் பதிப்பிக்கப்பெற்ற அவ்வேட்டின் ஒரு பக்கம் முசிறி வாணிகத்தைச் சார்ந்த கடன் உடன்படிக்கை. மறுபக்கம் 'ஹெர்மாப்போலன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. நாலில் ஒரு பங்கு சுங்கத்தை நீக்கிய பின்னும் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ் என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர். செங்கடற் கரையில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தின் மேலேறிப் பாலையைக் கடந்து, நைல் ஆற்றில் படகேறி அலெக்சாந்திரியாவை அடைய வேண்டும் என்பதையும் அவ்வேடு கூறுகிறது. இங்கே பெரியாற்றில் ஒரு தோணி. அங்கே நைலாற்றில் ஒரு படகு. இவ்விரண்டுக்கும் இடையே பெருங்கடல்.

இத்துணைச் சிறப்புடைய துறை ஏன் மறைந்தது? உரோம வாணிகம் மெலிந்தது ஒரு காரணம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் இத்துறையைத் தூர்த்துக் கொச்சியின் கடல்வாயைத் திறந்தது என்னும் செய்தி வழிவழியாக வருகிறது. ஆறே துறையை ஆக்கியது. ஆறே அதனை மாற்றியது. அவ்வாறும் இன்று பழைய ஆறன்று. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணை அதன் நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே வைகைக்குத் திருப்பிற்று. 1976இல் திறந்த இடுக்கி அணையின் நீர் மூலமற்றத்தில் மின்சாரம் ஆக்கிய பின் மூவாற்றுப்புழை ஆற்றைச் சேர்கிறது. ஆகவே ஒரே மலையின் நீர் மதுரை, தேனி வயல்களையும் வளர்க்கிறது; கேரளத்து வீடுகளுக்கும் விளக்கேற்றுகிறது.

நாம் இம்மண்ணில் வாழும் நிலையையும் ஈண்டு நேர்மையோடு நோக்குதல் வேண்டும். நம்முள் பாலக்காட்டில் சில நூற்றாண்டு வாழ்ந்த குடும்பத்தார் உளர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வந்தோரின் வழியினர் உளர். நேற்று வந்தோரும் உளர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, சென்னை இராச்சியத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சியும் பயன் தரவில்லை. அவ்வருத்தம் முதியோர் நெஞ்சில் நெடுநாள் நின்றது. 'நீர் வந்தேறிகள்' என்று ஒருவர் சொன்னால் நம் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள். 'இஃது எம் நாடே' என்று நம்முள் ஒருவர் சொன்னால் அண்டை வீட்டார் முகம் சுளிக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் முசிறி ஒரு மறுமொழி வைத்திருக்கிறது. சங்கப் புலவர் பாடிய சேரநாடு தமிழர்க்கும் மலையாளிகட்கும் பொதுப் பாட்டனின் சொத்து. இடுக்கி எல்லையில் மங்கலதேவி மலையில் சித்திரை முழுநிலா நாளில் இரு மாநிலத்தாரும் கூடிக் கண்ணகியை வழிபடுகின்றனர். கொடுங்கல்லூர்ப் பகவதியையும் கண்ணகியாகவே கருதுவோர் பலர். கொடுங்கல்லூரை அடுத்த திருவஞ்சைக்களம், தேவாரப் பாடல் பெற்ற கேரளத்து ஒரே தலம். பாட்டன் சொத்தைப் பங்கு போட்டால் சுவர்தான் மிஞ்சும். சேர்ந்து காத்தால் வீடு நிற்கும்.

ஆதலின் விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இப்படகுப் பயணத்தை மேற்கொள்ளுங்கள். பள்ளியில் மலையாளம் பயிலும் அவர்கள் அங்குள்ள பலகைகளைப் படித்துச் சொல்லட்டும். பரணரும் தாயங்கண்ணனாரும் பாடியதை நீங்கள் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் ஒரே படகில் ஒலிக்கும்போது முசிறி முழுமையாக விளங்கும். மலைப்பொருளையும் கடற்பொருளையும் ஒன்றுசேர்த்த தோணியின் தொழில் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது.