யார் தெரிந்த நிறம்?

புது மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிற எங்கள் இளசுகள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். எத்தனை சி.சி. என்பதெல்லாம் அதற்குப் பிறகு. "கறுப்பை எடு, ஊத்தை தெரியாது" என்று பெரிசுகள் சொன்னால் ஒருத்தரும் கேட்பதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளின் கதையைப் பார்த்தால், நிறத்தைத் தீர்மானித்தவர் பல தடவை வாங்குகிறவர் இல்லை.

ஹார்லி டேவிட்சனை எடுங்கள். 1903இல் தொடங்கிய அவர்களின் ஆரம்ப வண்டிகள் கறுப்பு. 1906இல் சாம்பல் நிறம் வந்தது. 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள் இறங்க, வண்டியும் ஒலிவ் பச்சைக்கு மாறியது. 1918இல் போர் முடிந்தது, பச்சை போகவில்லை. 1930களின் தொடக்கம் வரை கடையில் வாங்கிய சாதாரண சனமும் பட்டாளத்துப் பச்சையில்தான் ஓடித்திரிந்தது.

போட்டிக் கம்பனியான 'இந்தியன்' என்றால் சிவப்பு. 1930இல் அது ஈ. போல் டூபொன்ற் என்பவரின் கைக்கு வந்தது. அவருடைய குடும்பக் கம்பனி பெயின்ற் செய்வது. பிறகென்ன, 1934 அளவில் 24 நிறங்களில் வண்டி கிடைத்தது! ஹார்லியும் 1933இல் பெற்றோல் தாங்கியில் பறவைத் தலை வரைந்து இறக்கியது. பொருளாதார மந்தத்தில் வாங்க ஆளில்லாமல் போன நேரத்தில்தான் வாங்குகிறவருக்கு இந்த மரியாதை கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

யேர்மனியில் பி.எம்.டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிள், 1923இல் வந்த ஆர் 32, கறுப்பில் வெள்ளைக் கோடு. அந்தக் கறுப்பு அரை நூற்றாண்டாக அவர்களின் அடையாளமாக இருந்தது. 1973இல் ஆர் 90 எஸ் வந்தபோது சாம்பல் புகை போல ஒரு நிறத்தைக் கையால் விசிறி அடித்தார்கள். ஒரு தாங்கி மாதிரி மற்றது இராது.

இனி எங்கள் கதை. யாழ்ப்பாணத்தில் ஓடிய ஹொண்டா எம்.டி. 90 ஞாபகம் இருக்கிறதா? அது யப்பானில் தபால்காரருக்கென்றே செய்த வண்டி. அதன் சிவப்பு யப்பானியத் தபாலின் சிவப்பு. அங்கே தபால் பெட்டிகள்கூட முதலில் கறுப்பாக இருந்து பிறகுதான் சிவப்பாகின. ஆக, ரோக்கியோவில் ஒரு திணைக்களம் தெரிந்த நிறம் எங்கள் ஒழுங்கைகளில் ஓடியது.

1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடையில் பெற்றோலும் இல்லாமல் போனது. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் வீட்டுச் சாமானையும் பிள்ளைகளையும் அதில்தான் ஏற்றினார். அன்றைக்கு அது என்ன நிறம் என்று பார்த்தவர் யார்? ஓடுதா, ஓடாதா என்பதுதான் கேள்வி.

பட்டாளம், பெயின்ற் கம்பனி, தபால் திணைக்களம் என்று யார் யாரோ தெரிந்த நிறங்களில் ஓடித்தான் உலகம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை நீலமா மஞ்சளா என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் ஏசாதீர்கள். அப்படி யோசிக்க அதற்கு நேரமும் நிம்மதியும் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு அது கிடைக்கவில்லை.