ஐந்தும் பத்தும்



சட்டத்தில் ஓர் எண்ணைப் பொறித்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை என்று நாம் கருதுகிறோம். எண் தெளிவானதே, எதை வைத்து எண்ணுவது என்பதில்தான் வழக்குப் பிறக்கிறது. கனடா நாட்டின் துப்பாக்கிச் சட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

மாகசீன் எனப்படும் தோட்டாக்கூடு, துப்பாக்கியில் பொருத்தும் ஒரு சிறு பெட்டி. உள்ளிருக்கும் சுருள்வில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளும். கூடு காலியானால் சுடுபவன் அதைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். அந்தச் சில நொடிகளே உயிர்தப்ப ஓடுவோர்க்குக் கிடைக்கும் அவகாசம். கூட்டின் கொள்ளளவைக் குறைப்பதன் நோக்கம் அந்த அவகாசத்தை மிகுவிப்பதே.

1989 டிசம்பர் 6 அன்று, மான்றியால் நகரின் எக்கோல் பொலிடெக்னிக் என்னும் பொறியியற் கல்லூரிக்குள் ஒருவன் அரைத்தானியங்கி ரைபிளுடன் புகுந்து 14 பெண்களைக் கொன்றான். அன்று அங்கு மாணவியாக இருந்த ஹெய்டி ராத்ஜென் போன்றோர், பின்னர் ஆயுதக் கட்டுப்பாட்டிற்காக அயராது போராடினர். 1991-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. அதன்வழி வந்த விதிகள், பெரும்பான்மையான அரைத்தானியங்கி ரைபிள்களின் கூட்டிற்கு 5 தோட்டாக்கள் என்றும், கைத்துப்பாக்கியின் கூட்டிற்கு 10 என்றும் வரம்பு கட்டின. பெரிய கூடு வைத்திருப்போர் உள்ளே உலோகத் தடையைப் பற்றவைத்தோ வேறு நிலையான முறையிலோ அதன் கொள்ளளவைக் குறைக்கலாம் என்றும் வழி வகுக்கப்பட்டது.

இனி, வினா எழுகிறது. கைத்துப்பாக்கிக்கெனச் செய்த 10 தோட்டாக் கூடு ஒரு ரைபிளிலும் பொருந்துமாயின், அதன் வரம்பு ஐந்தா, பத்தா? விதியின் வாசகம் கூடு எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்று கேட்டதே தவிர, எதில் மாட்டப்படுகிறது என்று கேட்கவில்லை. ஆகவே பத்தே வரம்பு என்று அரச கனடியக் குதிரைக் காவற்படை விளக்கம் தந்தது. ரைபிளுக்கு வகுத்த ஐந்து, இவ்வாறு பத்தாயிற்று.

மற்றொரு சொல்லும் சிக்கலாயிற்று. கூடு முதலில் எவ்வகைத் தோட்டாவுக்காக வடிவமைக்கப்பட்டதோ அவ்வகையைக் கொண்டே எண்ண வேண்டும் என்றது விதி. ஐந்து தேங்காய் கொள்ளும் கூடையில் எலுமிச்சை எத்தனை கொள்ளும் என்று சிறுவனும் சொல்வான். அதுபோலப் பருத்த தோட்டா ஐந்துக்கென அமைந்த கூட்டில், மெல்லிய தோட்டாக்கள் கூடுதலாக அடங்கும்.

இவ்விடைவெளியை அதிகாரிகளே விளக்கத்தால் அடைத்திருக்கலாகாதா எனின், கூடாது. தடுக்கப்பட்ட கூட்டை வைத்திருப்பது குற்றம். எது குற்றம் என்பதைக் குடிமகன் சட்டத்தைப் படித்தே அறிய முடிய வேண்டும். வாசகத்தை நீட்டிப் பொருள் கொண்டால் அறியாதவன் சிறைப்படுவான். ஆயினும் வாசகம் வாளாவிருந்தால், மாண்டோரை முன்னிட்டுப் பிறந்த விதி பயனிழக்கும். திருத்தும் கடமை நாடாளுமன்றத்தினுடையது. 2023-இல் இயற்றிய சட்டத்தில், அனுமதித்த அளவை மீறுமாறு கூட்டை மாற்றியமைப்பதைத் தனிக் குற்றமாக அது வகுத்தது.

வரம்பு எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், அதை அளக்கும் கோல் எது என்றும் கேட்பதே சட்டம் பயிலும் முறை. பதினான்கு உயிர்களின் நினைவில் எழுந்த விதி, ‘வடிவமைத்தல்’ என்னும் ஒரு சொல்லில் தளர்ந்து நின்ற வரலாறு நமக்குக் கற்பிப்பது அதுவேயாகும்.