தும்பறைப் பள்ளத்தாக்கில் ஒரு கோல்ப் திடல்: நிலமும் வடிவமைப்பும்

கோட்டை, கோயில், குளம் ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு ஆராயும் நாம், விளையாட்டுத் திடல்களை வெறும் பொழுதுபோக்குக் களங்களெனக் கருதி ஒதுக்கிவிடுகின்றோம். ஆயின், ஒரு சமுதாயம் தன் நிலத்தை யாருக்காக, எதற்காகப் பயன்படுத்தியது என்னும் வினாவுக்கு அவையும் விடை பகர வல்லன. கண்டி நகருக்குக் கிழக்கே, திகனவை அடுத்த ராஜவெல்லவில் 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா கோல்ப் திடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கோல்ப் ஆட்டம் ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையோரத்தில் வளர்ச்சியுற்றது. கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடந்த மேடுபள்ளமான மணற்பாங்கு அங்கு ‘லிங்க்ஸ்’ எனப்பட்டது. நம் திணைமரபாற் கூறின், அது நெய்தலுக்கும் மருதத்துக்கும் இடைப்பட்ட நிலம். உழவுக்கு உதவாமையின், ஆடு மேயவும் ஊரார் உலாவவும் அது விடப்பட்டது. மணலில் மழைநீர் விரைந்து வடிந்தமையால் தரை இறுகி நின்றது. அதிற் குறும்புல் படர்ந்தது. செயின்ற் அன்ட்றூஸ் நகரின் பழைய திடலை ஒருவர் ஒரு காலத்தில் வரைந்து அமைத்தார் எனல் பொருந்தாது. இயற்கை தந்த நிலத்தைப் பல தலைமுறையினர் ஆடி ஆடித் திருத்தினர். அங்கு 22 ஆக இருந்த குழிகள் 1764-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டன. அவ்வெண்ணே பின்னர் உலக வழக்காயிற்று.

இவ்வகைத் திடல்களிலிருந்தே வடிவமைப்பை மதிப்பிடும் அளவுகோல்களும் பிறந்தன. நிலத்தின் இயல்பான ஏற்றத்தாழ்வை ஆட்டம் எவ்வளவு பயன்கொள்கின்றது என்பது முதலாவது. ஆடுபவனுக்குத் தெரிவு உண்டா என்பது இரண்டாவது. மணற்குழியை ஒட்டித் துணிந்து அடிப்பவனுக்கு அடுத்த அடி எளிதாக வேண்டும். வலுக்குறைந்தவனுக்குச் சுற்றிச் செல்ல வழி இருத்தல் வேண்டும். காற்றின் போக்கறிந்து பந்தைத் தரையோடு உருட்டிச் செல்ல இடமுண்டா என்பது மூன்றாவது.

பிரித்தானிய ஆட்சி சென்றவிடமெல்லாம் இவ்வாட்டமும் சென்றது. கல்கத்தாவில் 1829-இலும், கொழும்பில் 1879-இலும் கழகங்கள் தோன்றின. 1890-ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிலும் கழகம் நிறுவப்பட்டது. அலுவலர், வணிகர், தோட்டத்துரைமார் ஆகியோரே அக்கழகங்களின் தொடக்ககால உறுப்பினர். மணலும் கடற்காற்றும் இல்லாத இடங்களில் திடல் அமைக்கவேண்டியிருந்தமையால், நிலத்தை மாற்றுவது தவிர்க்க முடியாததாயிற்று.

தும்பறை நிலமோ லிங்க்ஸ் போல எவருக்கும் பயன்படாது கிடந்த நிலமன்று. கண்டி மன்னன் ஸ்ரீ வீர நரேந்திரசிங்கன் (1707–1739) இப்பள்ளத்தாக்கின் குண்டசாலையில் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அவனுக்குப்பின் அரசு தென்னிந்திய நாயக்க மரபினரிடம் சென்று, 1815-இல் பிரித்தானியர் வசமாயிற்று. உரிமையை நிறுவ இயலாத காட்டுநிலத்தையும் தரிசுநிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்ட 1840-ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் பெருந்தோட்டங்களுக்கு வழி திறந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வழியே கால்நடையாக வந்த தமிழகத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை உருவாக்கினர். 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின், தும்பறையில் கொக்கோ முதலிய பயிர்கள் இடம்பெற்றன. மலையகமெங்கும் காட்டை வெட்டி நிலத்தைத் திருத்தியோர் நிலமற்றோராகவே நின்றனர். அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமையும் இழந்தனர்.

மற்றொரு பெருமாற்றம் மகாவலித் திட்டத்தால் நேர்ந்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை, பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்டு 1985 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. 210 மெகாவாற்று மின்வலுவை நாடு பெற்றது. பழைய தெல்தெனிய நகரும் அயற்கிராமங்களும் நீரில் மூழ்கின. வரட்சியால் நீர் வற்றும் காலங்களில் அந்நகரின் இடிபாடுகள் இன்றும் வெளித்தெரிகின்றன.

இந்நீர்த்தேக்கக் கரையிலேயே பிரித்தானியரான டொனால்ட் ஸ்டீல் 18 குழிகள் கொண்ட திடலை வடிவமைத்தார். ஸ்கொத்லாந்தின் ஸ்கீபோவில் லிங்க்ஸ் திடலொன்றை அமைத்தவரும் இவரே. ராஜவெல்லத் திடலின் நீளம் ஏறத்தாழ 6,300 மீற்றர். வரையறுத்த அடிகள் 73. மழைக்காலத்தில் இளகும் உள்நாட்டு மண்ணில் பந்து நெடுந்தொலைவு உருளாது. வான்வழியே செலுத்தும் அடிக்கே இங்கு முதன்மை. மூன்றாம் அளவுகோலால் நோக்கின் இது லிங்க்ஸ் அன்று. எனினும், முதலாம் அளவுகோலால் இது உயர்ந்து நிற்கின்றது. சரிவுகள் சரிவுகளாகவே ஆட்டத்திற் பங்குகொள்கின்றன. தென்னைகள் பல வெட்டப்படாது நின்று, அடிக்குக் குறியாகவும் தடையாகவும் அமைகின்றன. நீர்விளிம்பும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் ஆடுபவன் கண்ணைக் கவர்வன.

ஆயினும், வடிவமைப்பின் மதிப்பீடு இவ்வளவில் நிறைவுறுவதில்லை. செயின்ற் அன்ட்றூஸ் திடல் இன்றும் பொதுநிலம்; ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் நிறுத்தப்பட, ஊரார் அங்கு உலாவுவர். ராஜவெல்லத் திடலோ தனியார் உல்லாச விடுதியொன்றின் பகுதி. லிங்க்ஸ் மரபிலிருந்து நிலத்தை மதிக்கும் கலை இங்கு வந்து சேர்ந்தது. நிலத்தைப் பொதுவில் வைக்கும் வழக்கம் வந்து சேரவில்லை. இத்திடலின் அழகுக்குக் காரணமான நீர்ப்பரப்பு மூழ்கிய ஊர்களின் மேல் நிற்பது. அதன் புல்வெளி பலர் உழைப்பாற் பண்பட்ட பள்ளத்தாக்கிலே விரிந்தது. மண்ணின் மேடுபள்ளங்களை அறிந்து ஆடுபவனே நல்லாட்டக்காரன் என்பர். அம்மண்ணில் வாழ்ந்தோரையும் உழைத்தோரையும் அறிந்து மதிப்பிடுபவனே நல்ல திறனாய்வாளன் ஆவான்.