குறட்டை நல்ல நித்திரையின் அடையாளமல்ல

உரத்துக் குறட்டை விடுபவர் ஆழ்ந்து உறங்குகின்றார் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். வீட்டில் அது கேலிக்குரிய விடயமாகவும் இருந்து வருகின்றது. ஆனால் குறட்டைக்கு இடையே மூச்சு நின்று, சில விநாடிகளின் பின் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின் அது சிகிச்சை தேவைப்படும் நோயொன்றின் அறிகுறியாகும். 'ஸ்லீப் அப்னியா' என மருத்துவ உலகம் அழைக்கும் இதனை நித்திரை மூச்சுத் தடை எனலாம். 2022 பெப்ரவரி 15 ஆம் திகதி மும்பாயில் இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, மரணத்துக்கு இந்நோயே காரணம் என வைத்தியர்கள் அறிவித்தமை குறிப்பிடத்தக்கது.

நித்திரையின்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அத்தளர்வினால் மூச்சுப்பாதை முற்றாகவோ பகுதியாகவோ அடைபடுகின்றது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை விழித்துத் தசைகளை இறுக்குகின்றது, மூச்சு மீள்கின்றது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான தடவைகள் நிகழலாம். காலையில் நோயாளிக்கு இவற்றில் ஒன்றும் நினைவிருப்பதில்லை. தலைவலி, உலர்ந்த வாய், பகல் முழுவதும் நீங்காத தூக்கக் கலக்கம் ஆகியவையே எஞ்சுகின்றன.

எனவே இந்நோயின் முதற் சாட்சி நோயாளியல்ல, அருகில் உறங்குபவரே. ஒரே அறையில் குடும்பமே உறங்கும் தோட்ட லயன்களில் இச்சாட்சிக்குப் பஞ்சமில்லை. மூச்சு நின்று திணறுவதை மனைவி பார்க்கின்றார், பிள்ளைகள் கேட்கின்றனர். ஆயினும் வைத்தியரிடம் அதனை யாரும் சொல்வதில்லை. பகலில் கண்ணயரும் தொழிலாளிக்குக் கிடைப்பது சோம்பேறி என்ற பெயரே.

உலகில் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 93.6 கோடி பேருக்கு இந்நோய் இருப்பதாக 2019 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. உடற்பருமன், தடித்த கழுத்து, மதுப்பழக்கம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. எனினும் மெலிந்தவர்களுக்கும் சிறிய தாடை அமைப்பினால் இது ஏற்படலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஆபத்து அதிகரிக்கின்றது. சிறுவர்களில் பெரும்பாலும் வீங்கிய தொண்டைச் சதைகளே காரணம். வாயால் மூச்சு விடுதல், படுக்கையில் சிறுநீர் கழித்தல், வகுப்பில் கவனமின்மை என்பன அவர்களிடம் கவனிக்க வேண்டியவை.

கனடாவில் உருவாக்கப்பட்டு 2008 இல் வெளியான எட்டு வினாக்களை வைத்தியர்கள் முதற்கட்டப் பரிசோதனைக்குப் பயன்படுத்துகின்றனர். உரத்த குறட்டை, பகற் களைப்பு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டமை, உயர் குருதி அமுக்கம், மிகை உடற்பருமன், 50 வயதுக்கு மேற்பட்டமை, 40 சென்றிமீற்றருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருத்தல் என்பனவே அவை. மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆம்' எனில் வைத்திய ஆலோசனை அவசியம். நோயை உறுதி செய்வது இரவு முழுவதும் நடைபெறும் நித்திரை ஆய்வாகும். மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 வரையான தடைகள் இலேசானவை. 30 அல்லது அதற்கு மேற்பட்டால் கடுமையானவை.

சிகிச்சை பெறாதோருக்கு உயர் குருதி அமுக்கம், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, பாரிசவாதம் ஆகியவற்றின் ஆபத்து அதிகம். நம் பிரதேசத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. பேராதனை - செங்கலடி வீதியும் பெரகலையிலிருந்து வரும் வீதியும் சந்திக்கும் இடமே ஹாலிஎல. வெலிமடை மரக்கறி லொறிகளும் பதுளை பஸ்களும் இந்த மலை வளைவுகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. சாரதி ஒரு விநாடி கண்ணயர்ந்தாலும் விளைவு பாரதூரமானது. தொழில் பறிபோகும் என்ற அச்சத்தில் சாரதிகள் தூக்கக் கலக்கத்தை மறைக்கின்றனர். சிகிச்சை பெற்றவர் பாதுகாப்பாக வாகனம் செலுத்த முடியும் என்பதை அவர்களுக்கு உணர்த்த வேண்டும்.

சிகிச்சையில் முதன்மையானது 1981 இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய முறையாகும். முகமூடி வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும் இக்கருவியை 'சீபாப்' என்பர். இது நோயைக் குணமாக்குவதில்லை. நாளாந்தம் அணியும் இரவுகளில் கட்டுப்படுத்துகின்றது. விலை அதிகமாதலால் எல்லோருக்கும் எட்டுவதில்லை. இலேசான நோய்க்குத் தாடையை முன்தள்ளும் வாய்க்கருவியும், சிறுவர்களுக்குத் தொண்டைச் சதை அகற்றும் சத்திரசிகிச்சையும் உதவுகின்றன.

செலவின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு. உடல் எடையில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் மூச்சுத் தடைகள் ஏறத்தாழ 26 சதவீதம் குறையுமென 2000 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணித்தது. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுத்தல், மதுவைக் கைவிடல், வைத்திய ஆலோசனையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்ளாமை ஆகியவையும் பயன் தரும். சத்திரசிகிச்சைக்குச் செல்பவர்கள் இந்நோயைப் பற்றி மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ரமழானில் ஸஹருக்கு எழுவதால் நித்திரை துண்டாடப்படுகின்றது. அக்காலப் பகற்களைப்பை நோன்பின் விளைவெனக் கொள்வது இயல்பே. பெருநாளுக்குப் பின்னரும் அது நீடித்தால் வைத்தியரை நாட வேண்டும். கருவி பயன்படுத்துவோர் நோன்புகால இரவுகளிலும், ஸஹருக்குப் பின் உறங்கும்போதும் அதனைத் தவிர்க்கலாகாது.

நித்திரை ஆய்வு வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. ஆயினும் குறட்டை பற்றிய ஒரு கேள்விக்கு இயந்திரம் தேவையில்லை. தோட்ட வைத்திய நிலையத்திலும், குருதி அமுக்கமும் நீரிழிவும் பார்க்கும் சிகிச்சை நிலையங்களிலும், சாரதிகளின் வைத்தியப் பரிசோதனையிலும் அக்கேள்வி தவறாது கேட்கப்பட வேண்டும். நோயாளியுடன் அவரது குறட்டையைக் கேட்டவரும் வைத்தியரிடம் செல்வது நன்று. தம் நோயைத் தாமே அறியாத ஒருவருக்காக வீட்டார் வாய் திறப்பதே சிகிச்சையின் முதற்படியாகும்.