தனுஷ்கோடி மணலில் ஓடிய ஃபோர் வீல் வண்டி
(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



கண்மாய்க்குள் டிராக்டர் சிக்கிக்கொண்டால் என்ன ஆகிறது? ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சும்மா சுற்றும். மற்றது கல்லாட்டம் நிற்கும். இஞ்சினுக்குத்தான் வேகம் போதவில்லை என்று நாம் இன்னும் மிதிப்போம். வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கும். இஞ்சின் மேல் குற்றமில்லீங்க. விசையைப் பங்கு போடுகிற இடத்தில்தான் சங்கதி. நம்ம ராமநாதபுரம் சீமையில் இதை அனுபவத்தில் கரை கண்டவர்கள், தனுஷ்கோடி மணலில் வண்டி ஓட்டியவர்கள்.

1914-லிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் ஓடியது. அங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ரயிலும் போச்சு, ஊரும் போச்சு. குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டுத் தங்கிவிட்டன. மீன் அங்கேதானே இருக்கிறது! பிற்காலத்தில் முகுந்தராயர் சத்திரம் வரை தார் ரோடு வந்தது. அதற்கு அப்பால் வெறும் மணல். பிடித்த மீன் கெடுவதற்குள் வெளியே வரணும். வலி கண்ட பெண்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரணும். ஒன்று நடை, இல்லாவிட்டால் ஃபோர் வீல் வண்டி.

அந்த வண்டிக்கு மூதாதை ஜீப். இரண்டாம் உலக யுத்த சமயத்தில், 1940-ல், அமெரிக்க ராணுவம் கேட்டுச் செய்யவைத்தது. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்கள். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி பாகங்களைத் தருவித்துப் பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. நம்ம தீவுக்கு 1988 அக்டோபரில் பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த பிறகுதான் வண்டிகள் தானாக ஓடி வர முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும். அதற்காக அச்சின் நடுவில் வைத்ததுதான் டிபரன்ஷியல். அதற்கு ஒரு குணம் உண்டு: இரண்டு பக்கமும் சமமாகத்தான் விசை தரும். ஒரு சக்கரத்துக்குப் பிடிமானம் போனால், அது வாங்குகிற கொஞ்ச விசைதான் மறுபக்கத்துக்கும். ஏரில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற மாடு என்ன இழுக்கும்? அதே கதைதான்.

ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு, டிரான்ஸ்பர் கேஸ் என்று. அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு தண்டு, முன் அச்சுக்கு ஒரு தண்டு. குட்டி லீவர் ஒன்றைத் தள்ளினால் முன் அச்சும் சேர்ந்து இழுக்கும். பின்னால் ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் முன்னால் போகிற விசை நிற்காது. இன்னொரு லீவரைப் போட்டால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும். ஆனால் தார் ரோட்டுக்கு வந்ததும் முன் அச்சைக் கழற்றிவிடணும். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு வேறு. மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டும். தாரில் வழுக்காது, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

இதெல்லாம் இருந்தும் டயரில் காற்று கல்லாட்டம் இருந்தால் மணல் விழுங்கிவிடும். காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் தட்டையாகி, பாரம் அகலமாகப் பரவும். ஈர மணல் பொலபொலக்காது. அதனால் அலை நனைத்த ஓரம்தான் நல்ல தடம். டிரைவர் கெட்டிக்காரத்தனம் பாதி இதில்தான் இருக்கிறது, லீவரில் இல்லை என்பேன்.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தார்கள். இப்போது பஸ்ஸே போகிறது. வேன்காரர்களுக்கு மணல் சவாரி போச்சு. ஆபத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்களுக்கு நிம்மதி.

நம்ம டிராக்டருக்கு வருவோம். டிபரன்ஷியல் லாக் என்ற மிதி பல டிராக்டரில் இருக்கிறது; பலர் தொடுவதே இல்லை. சக்கரம் சுற்றிப் பள்ளம் பறிப்பதற்கு முன்னாலேயே, வண்டியை நிறுத்திவிட்டு அதை மிதியுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒன்றாய்ச் சுற்றும். நேராக மட்டும் ஓட்டணும். திரும்புவதற்கு முன் விட்டுவிடணும், மறந்தால் அச்சு ஒடியும். வண்டி தண்ணீரில் முங்கி எழுந்திருந்தால் டிபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.