தாது நட்டம்: ஓர் அச்சத்தின் வரலாறு

முன்னுரை

இந்திய மொழி இதழ்களில் இருபதாம் நூற்றாண்டில் தொடர்ந்து இடம்பெற்ற விளம்பரங்களுள் ஆண்மைக் குறைவைத் தீர்க்கும் மருந்துகள் பற்றியவை குறிப்பிடத்தக்கன. தமிழில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றும் இந்தியில் ‘தாத் ரோகம்’, ‘குப்த ரோகம்’ என்றும் இவை பேசின. நோயைத் தீர்த்தனவோ இல்லையோ, இவ்விளம்பரங்கள் ஓர் அச்சத்தை நிலைநிறுத்தின. இளமையில் இழந்த விந்து மீளாது. ஒரு துளி விந்துக்கு நாற்பது துளி இரத்தம் செலவாகிறது. கைப்பழக்கத்தால் உறுப்பு சிறுத்து நரம்பு தளரும். உறக்கத்தில் விந்து வெளிப்படுதலும் சிறுநீர் வெண்மையாகக் கலங்குதலும் நோயின் அறிகுறிகள் என்பன அவ்வச்சத்தின் கூறுகள்.

இவற்றைப் பண்டை மருத்துவ மரபின் முடிந்த முடிபுகள் எனக் கொள்வோர் உளர். மேலைக் கல்வி பெறாதாரின் அறியாமை என ஒதுக்குவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் வரலாற்றோடு பொருந்துவனவல்ல என்பதைப் புலப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவ மரபில் சுக்கிலம்

ஆயுர்வேதம் உடலை ஏழு தாதுக்களின் தொகுதியாகக் காண்கிறது. சித்த மருத்துவம் இவற்றைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என உடற்கட்டுகள் ஏழாக உரைக்கும். உண்ட உணவு முதற்கட்டாகி, ஒவ்வொன்றும் அடுத்ததாக மாறி, இறுதியில் சுக்கிலமாகிறது என்பது இம்மரபின் கொள்கை. நெடிய வரிசையின் கடைசி விளைவு என்பதால் சுக்கிலம் அருமை வாய்ந்ததாகக் கருதப்பட்டது.

ஆயினும் அருமை என்பது வேறு. மீளாமை என்பது வேறு. சரக சங்கிதை உடற்பொருள்களின் அளவை அவரவர் கையளவான அஞ்சலியால் குறிக்குமிடத்தில் இரத்தத்தை எட்டு அஞ்சலி என்றும் சுக்கிலத்தை அரை அஞ்சலி என்றும் கூறுகிறது. அது உடலிலுள்ள அளவேயன்றி, ஒன்று மற்றொன்றாக மாறும் விகிதமன்று. நாற்பது துளிக் கணக்கு அப்பட்டியலில் இல்லை. மேலும், ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்றான வாசீகரணம் சுக்கிலத்தைப் பெருக்கும் முறைகளைச் சொல்வதற்கென்றே அமைந்தது. பாலும் நெய்யும் உளுந்தும் ஊனும் குறைந்த சுக்கிலத்தை மீட்கும் என்பது அதன் துணிபு. மீளாத ஒன்றுக்கு மருத்துவம் வகுக்க வேண்டிய தேவையில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. தடுக்கலாகாத இயல்பான உந்துதல்களைச் சரக சங்கிதை பதின்மூன்றாக எண்ணுகிறது. சித்த மருத்துவம் பதினான்கு வேகங்கள் என்கிறது. சிறுநீர், மலம், தும்மல், பசி, உறக்கம் ஆகியவற்றோடு சுக்கிலமும் இவ்விரு பட்டியல்களிலும் இடம்பெற்றுள்ளது. அதனை வலிந்து அடக்கினால் உறுப்பிலும் விதையிலும் நோவு உண்டாகும். சிறுநீர் தடைப்படும் என்பது மருத்துவ நூலோர் கருத்து. இல்வாழ்வானுக்கு மருத்துவம் வற்புறுத்தியது அளவறிந்து ஒழுகுதலையே என்பது இதனால் தெளிவாகும்.

விந்துவை முற்றாகக் காத்தல் என்னும் கருத்து யோக மரபுக்கு உரியது. திருமந்திரம் முதலிய யோக நூல்கள் பேசும் விந்து, உடற்பொருளாக மட்டும் நில்லாமல் ஒலியோடும் ஒளியோடும் இணைந்த தத்துவமாகவும் விரிகிறது. அது துறவியின் சாதனை நெறி. துறவிக்கு வகுத்த நெறியைப் பதினாறு வயது இளைஞனின் உடல்நல விதியாக மாற்றியது பிற்காலமே.

ஐரோப்பாவில் எழுந்த அச்சம்

அம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள ஐரோப்பாவை நோக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் ‘ஒனானியா’ என்னும் நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. கைப்பழக்கம் பாவம் மட்டுமன்று, உடலை அழிக்கும் நோய்க்காரணமும் ஆகும் என்பது அதன் வாதம். நூல் பரவியதோடு அதில் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளும் விலைபோயின. அச்சத்தையும் மருந்தையும் ஒருசேர விற்கும் வணிக முறைக்கு இதனை ஒரு முன்மாதிரி எனலாம்.

இவ்வச்சத்திற்கு மருத்துவத் தகுதி அளித்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் சாமுவேல் தீசோ ஆவார். 1758இல் இலத்தீனிலும் 1760இல் பிரெஞ்சிலும் வெளியான அவரது நூல், ஓர் அவுன்சு விந்தை இழத்தல் நாற்பது அவுன்சு இரத்தத்தை இழப்பதினும் உடலைத் தளர்த்தும் எனக் கூறியது. இந்தியாவுக்கே உரியதாகக் கருதப்படும் நாற்பது என்னும் எண் ஐரோப்பிய மருத்துவ நூலொன்றில் அச்சேறியிருப்பது கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வச்சம் சிகிச்சையாக வளர்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் இலாலெமாந்து 1836க்கும் 1842க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூல், தன்னிச்சையின்றி விந்து வெளிப்படுதலைத் தனி நோயாக நிறுவியது. சிறுநீர்க் குழாயை வெள்ளி நைட்ரேட்டால் சுடுவது அவர் கண்ட மருத்துவம். இங்கிலாந்தில் வில்லியம் ஆக்டன் 1857இல் வெளியிட்ட நூலும் இப்போக்கிலேயே அமைந்தது. அமெரிக்க மருத்துவர் சார்சு பியர்டு 1869இல் நரம்பு ஆற்றல் குன்றும் நோயொன்றை விரித்துரைத்தபின், விந்து இழப்பும் நரம்புத் தளர்ச்சியும் மக்கள் வழக்கில் ஒன்றாயின.

மறுப்பும் அங்கேயே எழுந்தது. ஆங்கிலேய அறுவை மருத்துவர் சேம்சு பேசட்டு 1875இல் வெளியிட்ட உரைத்தொகுப்பில், இத்தகைய நோயாளிகள் பலரின் உண்மையான துன்பம் அச்சமே என்று காட்டினார். எனினும் மறுப்பினும் அச்சமே விரைந்து பயணம் செய்தது.

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியா

ஆளப்படும் ஆடவரைப் பெண்மை மிக்கவர் என இகழ்வது ஆங்கிலேய ஆட்சியின் கருத்தியல்களுள் ஒன்று. வங்காள ஆடவர் இவ்வாறு சித்திரிக்கப்பட்டதை மிருணாளினி சின்கா 1995இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இழிவுரைக்கு விடை தேடிய தேசிய எழுச்சி, உடல் வலிமையையும் பிரமசரியத்தையும் முன்னிறுத்தியது. இச்சூழலில் துறவு நெறி, ஆயுர்வேதச் சொல், ஐரோப்பிய நோயச்சம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்தன. இந்தி அச்சுலகில் ஆண்மை மருந்து விளம்பரங்கள் பெருகியதைச் சாரு குப்தா 2001இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இக்கலப்புக்குத் தமிழரொருவரின் எழுத்து தெளிவான சான்றாகிறது. பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவப் பணியாற்றி, பின்னர் இரிசிகேசத்தில் துறவு வாழ்வு மேற்கொண்டவர் சுவாமி சிவானந்தர். பிரமசரியம் பற்றிய ஆங்கில நூலில் அவர், மேலை மருத்துவக் கணக்குப்படி விந்து நாற்பது துளி இரத்தத்தாலும் ஆயுர்வேதக் கணக்குப்படி எண்பது துளியாலும் ஆவது என்கிறார். நாற்பதை மேலை மருத்துவத்தின் பெயரில் வைத்தமை, அந்த எண்ணின் வழியைக் குறிப்பால் உணர்த்துகிறது. எண்ணின் முழுப் பயணத்தையும் இது ஒன்றே மெய்ப்பிக்காது. கீழும் மேலும் கொடுக்கல் வாங்கல் இருந்தமையை உணர்த்தப் போதுமானது. காந்தியடிகளும் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலில் விந்துக் காப்பை ஆற்றலின் ஊற்றாகவே கண்டார். துறவியரும் தலைவர்களும் அறநோக்கில் கூறியதை மருந்து வணிகம் தன் நோக்கில் பயன்படுத்திக்கொண்டது.

மாற்றுக் குரலும் ஒலித்தது. மும்பையில் இர. தோ. கார்வே 1927 முதல் 1953 வரை ‘சமாச சுவாத்திய’ என்னும் மராத்தி இதழை நடத்தினார். வாசகரின் அந்தரங்க ஐயங்களுக்கு அறிவியல் நோக்கில் விடையளித்தமைக்காக அவர்மீது ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. 1934இல் அவருக்காக வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதெல்லாம் ஆபாசமாகாது, அறிவின்றித் தவறான எண்ணங்கள் நீங்கா என்னும் போக்கில் அவர் வாதம் அமைந்தது. வழக்கில் கார்வே தண்டனைக்கு உள்ளானார். அச்சத்தை விதைத்த விளம்பரங்கள் இதழ்தோறும் உலவிய காலத்தில், அச்சத்தை நீக்க முயன்ற இதழ் நீதிமன்றம் ஏறியது என்பது நோக்கத்தக்கது.

சொற்கள் தரும் சான்று

கருத்துகளின் கலப்பைச் சொற்களும் காட்டுகின்றன. ‘விந்து’ என்பது துளி எனப் பொருள்படும் ‘பிந்து’ என்னும் வடசொல்லின் திரிபு. சொல்லே துளியைக் குறித்தமையால் துளிகளை எண்ணும் மனப்போக்குக்கு அது இடமளித்தது. ‘நரம்பு’ என்னும் தமிழ்ச் சொல் யாழின் தந்தி, தசைநார், குருதிக் குழாய், உணர்வு நரம்பு ஆகிய பலவற்றையும் சுட்டும். தந்தி தளர்ந்தால் யாழ் இசைக்காது. அதுபோல உறுப்பின் நரம்பு தளர்ந்தால் ஆண்மை குன்றும் என்று எண்ணுவது சொல்லின் வழியே எளிதாயிற்று. மேலை மருத்துவத்தின் நரம்பு ஆற்றல் குறைவு தமிழில் ‘நரம்புத் தளர்ச்சி’ ஆனபோது, பழஞ்சொல்லின் உருவகம் புதிய நோய்க்கு உடல் கொடுத்தது எனலாம்.

உடலியங்கியல் உரைப்பது

விறைப்பு நரம்பின் முறுக்கால் நிகழ்வதன்று. நரம்புகள் ஏவலிடுகின்றன, உறுப்பினுள் பஞ்சு போன்ற திசுக்களில் குருதி நிறைவதே விறைப்பு. காற்று நிறைவதால் விறைப்பு உண்டாகிறது என்ற பழைய ஐரோப்பியக் கருத்தை மறுத்து, குருதியே காரணம் என இலியனார்தோ தா வின்சி குறித்து வைத்தார். உறுப்பில் எலும்பு இல்லை. கைப்பழக்கத்தால் அது சிறுப்பதோ வளைவதோ இல்லை.

விந்து இரத்தத்திலிருந்து வடிக்கப்படுவதன்று. விந்தணுக்கள் விதைகளில் உருவாகின்றன. ஓர் அணு முதிர ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் ஆகிறது. வெளிப்படும் விந்தின் அளவு பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிலிட்டர். அதில் விந்தணுக்களின் பங்கு மிகச் சிறிது. எஞ்சியது விந்துப்பைகளும் முன்னிற்குஞ் சுரப்பியும் சுரக்கும் நீர்மம். என்பு மச்சையில் பிறப்பது இரத்த அணுவேயன்றி விந்தணுவன்று. வெளிப்படாத விந்தணுக்கள் சிதைந்து உடலாலேயே உட்கொள்ளப்படுகின்றன. ஆகவே சேமிப்பு என்பதற்கு இடமில்லை. உறக்கத்தில் வெளிப்படுதல் பருவமடைந்த உடலின் இயல்பு. சிறுநீர் கலங்குதல் பலபோது பாசுபேட்டு உப்பினால் நேர்வது. இடப்பக்க விதை சற்றுத் தாழ்ந்திருத்தலும் பெரும்பாலோர்க்கு இயல்பே.

உறுப்பின் அளவு பற்றிய கவலைக்கும் அளவீடு விடையளிக்கிறது. 15,521 ஆடவரின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு, விறைத்த நிலையின் சராசரி நீளம் 13.12 சென்டிமீட்டர் எனக் கண்டது. விளம்பரங்கள் ஊட்டிய எதிர்பார்ப்புகளினும் இது மிகக் குறைவு.

சட்டமும் உளமருத்துவமும்

விடுதலைக்குப்பின் 1954இல் இயற்றப்பட்ட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்தது. இதனை எதிர்த்து அம்தர்த் தவாகானா தொடுத்த வழக்கில் 1959 திசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கி, அடிப்படைத் தடையை ஏற்றது. எனினும் சுவரெழுத்தாகவும் துண்டறிக்கையாகவும் விளம்பரம் தொடர்ந்தது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்க முயன்றது. அச்சத்தை நீக்கும் கல்வி உடன் வரவில்லை.

மானிடவியலார் கார்சுடேர்சு 1957இல் வெளியிட்ட நூலில், இராசசுத்தானத்து ஊர் மக்களிடையே நாற்பது நாள், நாற்பது துளி என்னும் நம்பிக்கை வேரூன்றியிருந்ததைப் பதிவு செய்தார். உளமருத்துவர் நா. நா. விக் 1960இல் இவ்வச்சத்தால் விளையும் சோர்வு, பதற்றம், உடல்வலி ஆகியவற்றின் தொகுதிக்குத் ‘தாத் நோய்க்குறித் தொகுதி’ எனப் பெயரிட்டார். 1992இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பட்டியலிலும் அது குறிக்கப்பட்டது. 1975இல் இதனைக் கீழை நாடுகளின் பண்பாட்டுக்கே உரிய நோய் என உரைத்த கட்டுரை வெளிவந்தது. ஆயின் 2004இல் சுமதிபால, சிறிபத்தன, புக்ரா ஆகியோர் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே அச்சம் பரவியிருந்ததைச் சுட்டி, அக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். ஐரோப்பா தான் கைவிட்ட அச்சத்தை மறந்து, அதனைப் பிறர் பண்பாடாகக் கண்டது என்பது இதனால் பெறப்படும்.

இது வெறும் கருத்து வரலாறு அன்று. உண்மையான விறைப்புக் குறை நீரிழிவுக்கும் இதயக் குழாய் நோய்க்கும் முன்னறிகுறியாகலாம். அதனை இளமைப் பிழையின் விளைவு என நம்பி நாணத்தால் மறைப்பவன், உரிய மருத்துவத்தை இழக்கிறான். இயற்கை மருந்து எனும் பெயரில் விற்கப்படும் சிலவற்றில் சில்டெனாபில் மறைவாகக் கலக்கப்பட்டிருந்தமை பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. நைட்ரேட்டு வகை இதய மருந்து உண்பவர்க்கு அக்கலப்பு உயிருக்கே ஊறாகலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், விந்து இழப்பு அச்சம் தூய பண்டை மரபுமன்று. வெறும் கல்லாமையுமன்று என்பது புலனாகிறது. மருத்துவ மரபு சுக்கிலத்தைப் போற்றியது. அதனை அடக்கலாகாத வேகங்களுள் ஒன்றாகவும் வைத்தது. யோக மரபு துறவிக்குக் கட்டுப்பாட்டை வகுத்தது. ஐரோப்பா அச்சத்தையும் அதற்கு மருந்தையும் படைத்தது. அச்சுத் தொழிலும் விளம்பரமும் இவற்றை ஒன்றாக்கி, மரபு என்னும் பெயரில் வழங்கின.

கார்வேக்கு வாசகர் எழுதிய வகையான வினாக்களே, அதே மும்பையின் ஆங்கில நாளிதழொன்றில் 2005 முதல் மருத்துவர் மகிந்தர் வத்சா நடத்திய பகுதிக்கும் வந்தன. 2020இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறையும்வரை அவர் அவற்றுக்கு விடையளித்தார். நூற்றாண்டு மாறியும் வினா மாறவில்லை என்பது, விடை உரியவரைச் சென்று சேரவில்லை என்பதையே காட்டுகிறது. பழைய மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் கலைச்சொல் ஆக்குவோருக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. மருத்துவ நூல் கூறியது எது, யோக நூல் கூறியது எது, துண்டறிக்கை கூறியது எது எனப் பிரித்துக் காட்டுதல் மொழியாய்வின் பணி. அப்பணி நிறைவேறுமாயின், தன் உடலை அஞ்சி வாழும் இளைஞன் ஒருவனுக்கேனும் அது மருந்தாகும்.