200 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் 95-ஐ தாண்டலையா? நெட் வேகத்தை விழுங்கும் பழைய ரவுட்டர்... கண்டுபிடிப்பது எப்படி?

மாதம் பிறந்தால் இன்டர்நெட் பில் கட்டுகிறோம். 50 எம்பிபிஎஸ் பத்தலைன்னு 100, அதுவும் பத்தலைன்னு 200 என பிளானையும் ஏற்றிக்கொண்டே போகிறோம். ஆனாலும் ஹால் டிவியில் வட்டம் சுத்துவது நின்றபாடில்லை. உள் ரூமில் ஆன்லைன் இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் குரல் பாதியில் கட்டாகிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "எங்க சைடுல ஸ்பீடு சரியாத்தான் சார் காட்டுது" என்று பதில் வருகிறது.

பல வீடுகளில் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தெருவிலிருந்து வீட்டு வாசல் வரை வேகம் சரியாக வந்திருக்கும். கனெக்‌ஷன் கொடுத்த அன்னைக்கு டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதுக்கப்புறம் யாருமே திரும்பிப் பார்க்காத அந்தச் சின்னப் பெட்டியில்தான் வேகம் சிக்கி நிற்கும். அதை எப்படி கண்டுபிடிப்பது, எதை மாற்றணும், எதை மாற்றத் தேவையில்லை? பார்க்கலாம்.

ரவுட்டர் என்னதான் செய்யுது?

ஃபைபர் கனெக்‌ஷனில் வீட்டுக்குள் வருவது மெல்லிய கண்ணாடி இழை. அதில் ஒளியாக வரும் தகவலை மின் சமிக்ஞையாக மாற்றும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர். அங்கிருந்து தகவலை வாங்கி வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப்புக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். சில வீடுகளில் இரண்டும் தனித்தனிப் பெட்டி. சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

எப்படி இருந்தாலும் வீட்டுக்கு வரும் மொத்த இன்டர்நெட்டும் இதன் வழியாகத்தான் போகணும். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு பெருசாக இருந்தாலும், குழாய் சின்னதாக இருந்தால் தண்ணீர் மெல்லத்தானே வரும்? அதே கதைதான் இங்கேயும்.

அந்த 95 எங்கிருந்து வருது?

பழைய ரவுட்டர்கள் பலவற்றிலும், குறைந்த விலையில் இப்போதும் விற்கும் சில ரவுட்டர்களிலும், கேபிள் செருகும் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. இந்தத் தொழில்நுட்பம் 1995-ல் வந்தது. இதைவிட 10 மடங்கு வேகமான கிகாபிட் போர்ட்டுக்கான தரநிலை 1999-லேயே வந்துவிட்டாலும், விலையைக் குறைக்க பழைய போர்ட்டையே வைத்து விற்பது தொடர்கிறது.

100 என்று சொன்னாலும், தகவலோடு சேர்ந்து போகும் முகவரி உள்ளிட்ட கூடுதல் விவரங்களுக்கும் அதில் இடம் போய்விடும். அதனால் ஸ்பீடு டெஸ்டில் 94, 95-க்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். 100 எம்பிபிஎஸ் பிளான் இருந்தவரை இது கண்ணில் படாது. 200-க்கோ 300-க்கோ மாறிய பிறகும் எண் அசையாமல் அங்கேயே நின்றால், முதல் சந்தேகம் இந்தப் போர்ட் மேல்தான் வரணும். அதாவது, மாதாமாதம் 200-க்குக் காசு கட்டி, பாதியை மட்டும் பயன்படுத்துகிறீர்கள்.

8 கம்பியில் ஒன்று அறுந்தாலும் சிக்கல்

ரவுட்டரில் கிகாபிட் போர்ட் இருந்தும் 95-ல் நிற்கிறதா? அடுத்து லேன் கேபிளைப் பாருங்கள். கேபிளுக்குள் 8 மெல்லிய செம்புக் கம்பிகள் இருக்கும். 100 எம்பிபிஎஸ்-க்கு அதில் 4 கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு 8-ம் வேலை செய்யணும். ஒரு கம்பி அறுந்தாலோ, முனையில் உள்ள கிளிப் தளர்ந்தாலோ, பல கருவிகள் சத்தமே இல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும். ஆனால் வேகம் வராது.

கதவு இடுக்கில் நசுங்கியது, எலி கடித்தது, மொட்டை மாடி வெயிலில் காய்ந்து வெடித்தது என கேபிள் கெட்டுப்போக நம்ம வீடுகளில் காரணத்துக்குப் பஞ்சமில்லை. கேபிளின் மேல் தோலில் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைஃபைக்கும் வயசு உண்டு

வைஃபை தலைமுறை தலைமுறையாக மாறி வருகிறது. 2009-ல் வந்தது வைஃபை 4. அதற்குப் பிறகு 2013 வாக்கில் வைஃபை 5, 2019 வாக்கில் வைஃபை 6, 2024 வாக்கில் வைஃபை 7 என அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. உங்கள் போன் புதுசாக இருந்தாலும், ரவுட்டர் வைஃபை 4 என்றால் இரண்டும் அந்தப் பழைய பாஷையில்தான் பேசிக்கொள்ளும்.

பழைய ரவுட்டர் அட்டைப்பெட்டியில் '300 எம்பிபிஎஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்குமே? அது ஏட்டுக் கணக்கு. பக்கத்தில் வேறு வைஃபையே இல்லாமல், அகலமான சேனல் முழுசாகக் கிடைத்தால் வரும் உச்சம். அபார்ட்மென்ட் மாதிரி நெரிசலான இடத்தில் சேனல் அகலம் பாதியாகும்போது, அந்த உச்சமும் 144-க்கு இறங்கிவிடும். கையில் கிடைக்கும் வேகம் அதிலும் கிட்டத்தட்ட பாதிதான்.

இந்தப் பழைய ரவுட்டர்கள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. இதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என எல்லோரும் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ளணும். போதாக்குறைக்கு ப்ளூடூத்தும், மைக்ரோவேவ் அவனும் இதே அலைவரிசைப் பக்கம்தான். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்களும் அதிகம், வேகமும் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டும் சக்தி குறைவு.

ஒரு மைக், பத்து பேர்

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும். மேடையில் ஒரே மைக்கை வைத்துக்கொண்டு பத்து பேர் மாறி மாறிப் பேசுவது மாதிரி. அதில் ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினால் மீதி 9 பேரும் காத்திருக்கணும். வீட்டிலுள்ள பழைய போனோ, தூரத்து ரூமில் சிக்னல் இல்லாமல் தவிக்கும் டேப்லெட்டோ செய்வது இதைத்தான்.

ரவுட்டர் வாங்கியபோது வீட்டில் இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் இருந்திருக்கும். இன்று ஆளுக்கொரு போன், ஸ்மார்ட் டிவி, சிசிடிவி கேமரா, ஸ்பீக்கர், ஏசி வரைக்கும் வைஃபை கேட்கிறது. பழைய பெட்டியில் இருக்கும் சின்ன பிராசசரும், குறைந்த மெமரியும் இத்தனை பேரை சமாளிக்கத் திணறும்.

சூடும் தூசியும் செய்யும் வேலை

24 மணி நேரமும் ஓய்வில்லாமல் ஓடும் கருவி ரவுட்டர். அதை மூடிய ஷோகேஸுக்குள்ளோ, செட்டாப் பாக்ஸ் தலைமேலோ வைத்தால், நம்ம ஊர் கோடையில் சொல்லவே வேண்டாம். சூடு ஏற ஏற உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் போன்ற பாகங்களின் ஆயுள் குறையும். பவர் அடாப்டரும் நாளாக ஆகப் பலவீனமாகும். அடிக்கடி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறதா? முழுப் பெட்டியையும் தூக்கிப் போடும் முன், அதே வோல்ட், அதே அளவு அல்லது அதற்கு மேலான ஆம்பியர் கொண்ட வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள்.

வேகம் மட்டுமா பிரச்னை?

இதுதான் பலரும் கவனிக்காத விஷயம். ரவுட்டருக்கும் மென்பொருள் உண்டு. அதற்கும் அப்டேட் வேணும். ஒரு கட்டத்துக்கு மேல் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு அப்டேட் தருவதை நிறுத்திவிடும். அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள்.

2018 மே மாதம் 'விபிஎன்ஃபில்டர்' என்ற மால்வேர், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர் உள்ளிட்ட கருவிகளில் புகுந்திருப்பதை சிஸ்கோவின் டாலோஸ் குழு வெளிப்படுத்தியது. அப்போது ரவுட்டர்களை ரீஸ்டார்ட் செய்யும்படி அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2025 மே மாதமும், அப்டேட் நின்றுபோன பழைய ரவுட்டர்களைக் கைப்பற்றி, குற்றவாளிகள் தங்கள் அடையாளத்தை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று எஃப்பிஐ எச்சரித்தது.

இப்படி சிக்கிய ரவுட்டர் வழியாக யாரோ ஒருவர் உங்கள் லைனைப் பயன்படுத்துவார். வேகம் குறைவது ஒரு பக்கம். அவர் செய்யும் மோசடியில் பதிவாவது உங்கள் வீட்டு ஐபி முகவரி என்பது இன்னொரு பக்கம்.

வீட்டிலேயே 10 நிமிட டெஸ்ட்

1. முதலில் டேட்டா லிமிட்டைப் பாருங்கள். மாதத்துக்கான எஃப்யூபி அளவு தீர்ந்திருந்தால் வேகம் குறையத்தான் செய்யும். அதுக்கு ரவுட்டர் என்ன பண்ணும்?

2. கணக்கில் குழம்ப வேண்டாம். பிளானில் இருப்பது மெகாபிட். டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். எனவே 200 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 25 மெகாபைட் இறங்கினால் அது முழு வேகம்தான்.

3. மற்ற கருவிகளின் நெட்டை நிறுத்திவிட்டு, லேப்டாப்பை நேரடியாக லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். லேப்டாப்பில் உள்ள போர்ட்டும் கிகாபிட்டாக இருக்கணும் என்பதை மறக்க வேண்டாம்.

4. அடுத்து, ரவுட்டர் பக்கத்தில் நின்று போனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு டெஸ்ட். பிறகு பிரச்னை வரும் ரூமுக்குள் போய் ஒரு டெஸ்ட்.

முடிவை எப்படி புரிந்துகொள்வது?

கேபிளில் முழு வேகம், வைஃபையில் மட்டும் குறைவு என்றால், சிக்கல் ரவுட்டரின் வைஃபையில் அல்லது அதை வைத்திருக்கும் இடத்தில்.

கேபிளிலும் 90 முதல் 95-க்குள் அசையாமல் நின்றால், 100 எம்பிபிஎஸ் போர்ட் அல்லது பழுதான கேபிள்.

கேபிளிலேயே 20, 60, 10 என ஏறி இறங்கினால், நிறுவனத்தின் லைனில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து புகார் கொடுங்கள். புகார் எண்ணை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓஎன்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் சிக்னலே வரவில்லை என்று அர்த்தம்.

ரவுட்டர் பக்கத்தில் வேகம் இருந்து ரூமில் இல்லை என்றால், பிளானை ஏற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை

* ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், உயரமான இடத்தில், திறந்தவெளியாக வையுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, டிவியின் பின்பக்கம் ஆகியவை சிக்னலுக்கு எதிரி.

* ரவுட்டர் செட்டிங்ஸில் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 'டபிள்யூஇபி' அல்லது 'டிகேஐபி' என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். இந்தப் பழைய முறைகளில் வைஃபை 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது. பாதுகாப்பும் இல்லை. 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்' அல்லது 'டபிள்யூபிஏ3' தேர்வு செய்யுங்கள்.

* அங்கேயே அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து செய்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததே இன்னும் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

* பக்கத்திலேயே இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 2.4-ல் நெரிசல் குறையும்.

புதுசு வாங்கியே ஆகணுமா?

அவசியம் இல்லை. உங்கள் பிளான் 50 அல்லது 100 எம்பிபிஎஸ், வீட்டில் மூன்று நான்கு பேர், அப்டேட்டும் வந்துகொண்டிருக்கிறது என்றால் பழைய ரவுட்டரே போதும். 4கே வீடியோவுக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைப்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

அப்டேட் நின்றுவிட்டது, 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை, பிளான் 100-க்கு மேல் என்றால் மாற்றுவதுதான் சரி. ரவுட்டர் நிறுவனமோ கேபிள் ஆபரேட்டரோ கொடுத்தது என்றால், முதலில் அவர்களிடமே புது மாடல் கேளுங்கள். ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டி என்றால் நீங்களாக மாற்ற முடியாமல் போகலாம், அப்போதும் அவர்களிடம்தான் போகணும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தில் உஷார். 'ஏசி1200' என்று போட்ட சில ரவுட்டர்களின் வைஃபை 867 எம்பிபிஎஸ் வரை என்று சொல்லும். ஆனால் பின்னால் இருக்கும் போர்ட் பழைய 100-ஆகவே இருக்கும். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் '10/100/1000' அல்லது 'கிகாபிட்' என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். '10/100' என்று மட்டும் இருந்தால் மறுபடியும் அதே 95 கதைதான்.

பழையதை என்ன செய்வது?

நிறுவனம் கொடுத்ததாக இருந்தால் திருப்பிக் கொடுத்து, டெபாசிட் கட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். சொந்தமாக வாங்கியது என்றால், அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் கனெக்‌ஷன் விவரமும் இருக்கும். பின்னால் உள்ள சின்ன ரீசெட் பட்டனை சில நொடிகள் அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மின்னணுக் கழிவுகளை சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.

அடுத்த முறை நெட் ஸ்லோ ஆனதும், பிளானை ஏற்ற ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, அந்தப் பெட்டியின் அடியில் என்ன மாடல் என்று ஒருமுறை பாருங்கள். மாதாமாதம் போகும் காசுக்கான பதில் அங்கேயே இருக்கலாம்.